ஒன்பதாவது துளை

ஒன்பதாவது துளையில் புகைந்தது.
ஏணியின் ஐந்தாம் படியில் நான்.
கீழே புவான் ரொஹானா,
தோளில் இன்னும் மாட்டாத திரைச்சீலை.
"ஹங்குஸ்" என்றார், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பசார் மாலாமில் எண்பது வெள்ளிக்கு வாங்கியது.
பெயரில் ஓர் எழுத்து மட்டும்
பெரிய கம்பெனியிடம் இரவல்.
எட்டுத் துளை போட்டது, குறை சொல்லக்கூடாது.
மரச் சட்டமென்றால் இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கும்.
இது தாமான் வீடு, சன்னலுக்கு மேலே பீம்.
அதற்குள் என்னத்தைப் போட்டுக் குழைத்தார்களோ
காண்ட்ராக்டருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

புக்கிட் ரோத்தானில் இரும்புக்கடை மூன்று.
லோரிகள் சிந்திவிட்டுப் போன செம்பனைப் பழங்களை
மிதிக்காமல் தாண்டி
மூன்றிலும் ஏறி இறங்கினேன்.

முதல் கடைப் பையன் போனைப் பார்த்தபடியே சொன்னான்:
பச்சை நல்லது அக்கா. மஞ்சளும் நல்லது.
சிவப்பு ரொம்ப நல்லது.
எதுதான் தம்பி கெட்டது?
அதற்கு அவனிடம் விலைச்சீட்டு இல்லை.

இரண்டாவது கடையில் நான் கேட்டதற்கெல்லாம்
என் பின்னால் நின்ற ஆளுக்குப் பதில் போனது.
அவர் ஆணி வாங்க வந்தவர்.

மூன்றாவதில் கண்ணாடி அலமாரியைத் தாண்டிப்
பின்கட்டுக்குப் போனேன்.
தவுக்கேயின் மருமகள் சியூ லிங்
மடியில் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தாள்.
தகரத் தட்டு நிறைய பழுதுக்கு வந்தவை,
கழுத்தில் கம்பி, கம்பியில் அட்டை:
எஸ்டேட் வொர்க்‌ஷாப். சூராவ் கமிட்டி. மருதையன் கிரில்.
பச்சை பதினொன்று. நீலம் நான்கு. மஞ்சள் இரண்டு.
என் எண்பது வெள்ளிக்காரன் ஒருவனுமில்லை.

அட, பச்சைதான் அதிகம் கெடுகிறது என்று
திரும்பி நடந்தவள்
வாசல்வரை போய் நின்றுவிட்டேன்.
திருத்தினால் எழுந்திருக்கும் என்பதைத்தானே
ஒருவன் பதினைந்து கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில்
கட்டிக் கொண்டுவருவான்?
என்னுடையது போனவையெல்லாம்
ஒரே சாவில் போய்விட்டன.
"கார்பன் பிரஷ் கிடைக்குமா?" என்றேன்.
நிமிராமலே இழுப்பறையைத் திறந்தாள்.
ஜோடி ஜோடியாய், பல் மாதிரி.

வயரில்லாததையும் தூக்கிப் பார்த்தேன். எடை சுகம்.
ஆனால் அதன் பேட்டரி வேறெந்த வீட்டுக் கதவிலும் நுழையாதாம்.
ஒன்றை வாங்கினால் அந்தக் குடும்பத்துக்கே
வாக்கப்பட்ட மாதிரி.
ஒருமுறை வாக்கப்பட்டது போதும்.
வயருள்ள பச்சையை எடுத்தேன்.

தனக்கும் ஒன்று பார்க்கச் சொல்லியிருந்தான் தம்பி குணாளன்.
வருஷத்துக்கு ஒரு காலண்டர் மாட்டுகிறவன்,
அதுவும் போன வருஷத்து ஆணியிலேயே.
உனக்குச் சுத்தியல் போதும்டா,
அதையும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்.

முந்நூற்று அறுபது வெள்ளி.
சன்னலுக்கு முப்பது கூலியென்றால் பன்னிரண்டு சன்னல்.
புவான் வீட்டில் ஏழு.
மிச்சம் ஐந்து யார் வீட்டிலோ
இன்னும் திரையில்லாமல் வெயிலை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

உத்தரவாத அட்டையில் இரண்டு கட்டம்.
வீட்டு உபயோகம், பன்னிரண்டு மாதம்.
தொழில், ஆறு.
சியூ லிங் பேனா முனையால் வீட்டைக் காட்டினாள்,
வாய்க்குள் சிரித்துக்கொண்டு.
எல்லாரும் அப்படித்தானாம்.
வொர்க்‌ஷாப்பும் வீடு, சூராவும் வீடு,
மருதையன் கிரில்லும் வீடு.

பள்ளிக்கூடப் பாரம், கிளினிக் பாரம், வங்கிப் பாரம்,
இருபது வருஷமாய்த் தொழில் என்ற இடத்தில்
நானும் வீடு என்றுதான் எழுதிவந்தேன்.
ஆறு மாதம் போனால் போகட்டும்.
மற்றதில் டிக் போட்டேன்.
கொஞ்சம் அழுத்திவிட்டேன் போல,
அடித்தாளிலும் விழுந்திருந்தது.

மறுநாள் அதே ஏணி, அதே ஐந்தாம் படி.
பாதியில் நின்றுபோன ஒன்பதாவதில் முனையை வைத்தேன்.
கல் தட்டியது. முழங்கைவரை அதிர்ந்தது.
நிறுத்தி, மூக்கால் இழுத்துப் பார்த்தேன்.
சிமெண்டு மட்டும்தான்.

கீழிருந்து புவான், "ஓக்கே?"
இன்னும் ஐந்து இருக்கிறது.